நீண்ட காலம் கேட்பாரற்று நின்ற பழைய காரைப் புதுப்பிக்கும் செலவை முன்கூட்டியே எப்படிக் கணிப்பது?

கேள்வி: வழிப்போக்கன்

அனைவருக்கும் வணக்கம். 1966ஆம் ஆண்டில் தயாரான, திறந்த கூரையுடைய எம்.ஜி.பி. என்னும் பிரிட்டிஷ் கார் ஒன்று எனக்கு விலைக்கு வந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கொட்டகையில் அசையாமல் நின்ற வண்டி அது. என்ஜின் சுற்றவில்லை. தரைத்தகட்டில் இரண்டு இடங்களில் துரு ஓட்டை விழுந்திருக்கிறது. பம்பர்களின் குரோம் பூச்சு உரிந்தும், இருக்கைகளின் தோல் வெடித்தும் கிடக்கின்றன. ஆனாலும் கண்ணாடிகள், விளக்குகள், டேஷ்போர்டின் மீட்டர்கள், கம்பிச் சக்கரங்கள் என்று ஏறக்குறைய எல்லாப் பாகங்களும் வண்டியிலேயே இருக்கின்றன. விற்பவர் கேட்கும் தொகை மிகவும் குறைவு. அதுவே எனக்கு ஆவலையும் அச்சத்தையும் ஒருசேரத் தருகிறது.

இரண்டு பட்டறைகளில் விசாரித்தேன். ஒருவர் சொன்ன தொகை மற்றவர் சொன்னதைப் போல மூன்று மடங்கு. பிரித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். இத்தகைய வண்டிகளில் பணம் உண்மையில் எந்த வேலைக்குப் போகிறது, பிரிப்பதற்கு முன்பே அதை ஓரளவுக்காவது கணிக்க வழி உண்டா, எந்த இடத்தில் வேலையை நிறுத்திக்கொள்வது அறிவுடைமை என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தகரப்பட்டறை

வணக்கம். ஒரே வண்டிக்கு இரண்டு மதிப்பீடுகள் இவ்வளவு விலகி நிற்பதில் வியப்பில்லை. ஒருவர் கண்ணுக்குத் தெரியும் துருவுக்குக் கணக்குப் போட்டிருப்பார். மற்றவர் அந்தத் துருவுக்குப் பின்னால் இருக்கக்கூடியதற்கும் சேர்த்துப் போட்டிருப்பார். என்ஜின் சுற்றவில்லை என்பதை நீங்கள் முதலில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் செலவைத் தீர்மானிக்கப்போவது என்ஜின் அன்று, நீங்கள் அடுத்ததாகக் குறிப்பிட்ட அந்த இரண்டு ஓட்டைகள்தாம். ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எம்.ஜி.பி.க்குத் தனியான சேசிஸ், அதாவது எடை தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. தகடுகளை வளைத்து ஒன்றோடொன்று வெல்டிங் செய்த கூடுதான் வண்டியின் முழு எடையையும் தாங்குகிறது. அதிலும் கூரையில்லாத வண்டியில், கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் இரண்டு பெட்டிப் பகுதிகளே முதுகெலும்பு. இந்தக் கதவடிப் பெட்டி ஒரே தகடாக இல்லாமல் வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்காக அமைந்தது. தகடுகள் சேரும் விளிம்புகளுக்கு இடையே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், இரு தகடுகளுக்கு நடுவே பிறக்கும் துரு அவற்றைப் பிளந்து தள்ளுகிறது. வெளியே ஓர் ஓட்டை தெரிகிறதென்றால், அதைச் சுற்றியுள்ள தகடும் உட்புறமாக மெலிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். மெலிந்த தகட்டில் வெல்டிங் பிடிக்காது. நல்ல உலோகம் வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். உள்ளங்கை அளவு ஓட்டை, முழங்கை நீளத்துக்கு வேலை வைப்பது இதனால்தான்.

அத்துடன் முடிவதில்லை. கதவடிப் பெட்டியின் வெளித்தகடு முன்பக்க மட்கார்டுக்கு உள்ளேயும் பின்பக்கத் தகட்டுக்கு உள்ளேயும் நீண்டு செல்கிறது. அதை முறையாக மாற்ற வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின்பக்கத் தகட்டின் அடிப்பகுதியை வெட்டி எடுத்து மீண்டும் ஒட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் கூட்டைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவுத் திறப்புகளில் குறுக்குக் கம்பிகளை வைத்து இறுக்காவிட்டால், பழைய தகடு அகன்ற நொடியிலேயே கூடு தொய்ந்துவிடும். அப்படித் தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை ஒட்டினால் கதவுகள் பிறகு ஒருபோதும் சரியாக மூடா. குறைந்த மதிப்பீடு கொடுத்தவர் இந்த வேலைகளையெல்லாம் சேர்த்துத்தான் சொன்னாரா, அல்லது தெரியும் நீளத்துக்கு மட்டும் மேலே ஒரு தகட்டை ஒட்டிப் பட்டி போட்டு மூடும் எண்ணத்தில் சொன்னாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது முறையில் செய்த வண்டிகள் வண்ணம் மங்குவதற்கு முன்பே மீண்டும் பட்டறைக்கு வருகின்றன; அப்போது பழைய துருவோடு ஒட்டுவேலையையும் சேர்த்து அகற்றக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

பிரிக்காமலேயே பார்க்கக்கூடியவை பல உண்டு. இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அமரும் பெட்டிகளை முதலில் பாருங்கள். அமிலமும் தண்ணீரும் சேர்ந்து அவற்றைத்தான் முதலில் தின்னும். ஜாக்கி பொருத்தும் இடங்கள், பின் ஸ்பிரிங் பட்டைகளின் முன்முனை கூட்டோடு இணையும் இடம், கதவின் அடிவிளிம்பு, முன் மட்கார்டின் மேல்முனை ஆகியவை அடுத்தவை. கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் கூடு ஏற்கெனவே தொய்ந்துவிட்டது என்று பொருள். துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அது ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டி இருக்கிறது. பானெட் மட்டும் விதிவிலக்கு: அந்தக் காலத்து எம்.ஜி.பி.யில் பானெட் அலுமினியத்தால் ஆனது, ஆகவே காந்தம் ஒட்டவில்லையே என்று கலங்க வேண்டாம். அந்த அலுமினியப் பானெட் கிடைத்தற்கரியது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த வண்டிக்கு ஒரு பெரும் நற்பேறு உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையும் பழைய அச்சுகளைக் கொண்டே புதிதாகத் தயாரித்து வருகிறது. அதாவது, தகர வேலைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. பழைய கூட்டைச் சரிசெய்யும் கூலி புதுக் கூட்டின் விலையை எட்டினால், அதற்கு மேல் வெட்டி ஒட்டுவதில் பொருளில்லை. கைவேலையாக ஒரு சில நூறு மட்டுமே உருவான வண்டிகளில் இந்த வரம்பே கிடையாது. அங்கே ஒவ்வொரு தகட்டையும் ஒருவர் சுத்தியலால் தட்டியே உருவாக்க வேண்டும், அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

வண்ணப்பூச்சு பற்றி ஒன்று மட்டும். வண்ணம் அடிக்கும் நேரம் மிகக் குறைவு. அதற்கு முன்பு தேய்த்துச் சமன்செய்யும் நேரமே கூலியைத் தீர்மானிக்கிறது. வண்ணம் அடிப்பதற்கு முன்னரே கதவு, பானெட், விளக்கு, குரோம் பட்டை அனைத்தையும் ஒருமுறை பொருத்திப் பார்த்துக் கழற்றும் பட்டறையை நம்பலாம். அந்த வேலை மதிப்பீட்டில் தனி வரியாக இல்லையென்றால் கேளுங்கள். பழைய வண்ணத்தை நீக்க மணல் வீச்சைப் பயன்படுத்துவார்கள் என்றால், அகன்ற தகடுகளில் அதைச் செய்ய வேண்டாமென்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். மணல் மோதும் வேகத்தில் தகடு நெளிந்துவிட்டால் அதை நேராக்கும் கூலி தனி.

பதில்: லேத்துக்காரர்

மேலே சொன்னதை ஆதரிக்கிறேன். என்ஜின் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் அங்கே அஞ்சுவதற்கு அவ்வளவு காரணம் இல்லை.

1964ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வந்த எம்.ஜி.பி. என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டை (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டை) ஐந்து பேரிங்குகள் தாங்குகின்றன. 1,798 சி.சி. கொள்ளளவுடைய உறுதியான இரும்பு என்ஜின் அது. நீண்ட காலம் நின்ற வண்டியில் என்ஜின் இறுகுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: நிறுத்திய நிலையில் எந்த சிலிண்டரின் வால்வு திறந்திருந்ததோ, அதன் வழியே ஈரக்காற்று புகுந்து, பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்டரை அழுத்தியோ, வண்டியை இழுத்தோ அதை விடுவிக்க முயலாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துருவை இளக்கும் எண்ணெயை நான்கு துளைகளிலும் ஊற்றிப் பல நாள் ஊறவிட்டு, பிறகு கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்தாலும் அசையாவிட்டாலும் என்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும் அவசரப்பட்டு பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஒன்றை வளைத்துக்கொள்ளாமல் இருப்பதே பெரிய சேமிப்பு.

பிரித்த பிறகு செய்ய வேண்டியவை யாவும் அளவும் விலையும் தெரிந்த வேலைகள். சிலிண்டரை அடுத்த அளவுக்கு போர் செய்வது (குடைந்து அகலமாக்குவது), அதற்கேற்ற பிஸ்டன்களைப் போடுவது, கிராங்க் ஷாஃப்ட்டைச் சாணைபிடித்து அடுத்த அளவு பேரிங் போடுவது, வால்வு கைடுகளை மாற்றுவது என்று வேலைப்பட்டியலை முன்கூட்டியே எழுதிவிடலாம். தேவையான உதிரிபாகங்கள் அனைத்தும் இன்றும் தயாராகின்றன. ஹெட்டைக் கழற்றிய கையோடு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட்டுகளை, அதாவது வால்வு வந்து அமரும் வளையங்களை, பொருத்திவிடுங்கள். அந்த என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலை மனத்தில் கொண்டு உருவானது. ஈயம் இல்லாத பெட்ரோலில் சாதாரண இரும்பு சீட்டுகள் நீண்ட ஓட்டத்தில் தேய்ந்து உள்வாங்கும்.

இதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இருபது ஆண்டுகள் அசையாமல் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள், காலிப்பர்கள் ஆகியவற்றின் உட்சுவர் துருவேறியிருக்கும். இரும்புக் குழாய்களும் ரப்பர் குழாய்களும் பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும், சோதிக்காமல் எல்லாவற்றையும் மாற்றுவது என்ற தீர்மானத்தோடு கணக்கில் எழுதுங்கள். எரிபொருள் வழித்தடத்துக்கும் இதே விதி. தொட்டியில் பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். தொட்டியை மாற்றி, ரப்பர் குழாய்களை எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் வகையாகப் போட வேண்டும். கார்புரேட்டர்கள் இரண்டிலும் திராட்டில் தண்டு (காற்று வழியைத் திறந்து மூடும் தண்டு) ஆடுகிறதா என்று பாருங்கள்.

ஒயரிங்கில் ஒரு முக்கிய எச்சரிக்கை. 1967 வரை வந்த எம்.ஜி.பி.யில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கப்படி மாற்றி இணைத்துவிட்டால் சில சாதனங்கள் அந்த நொடியே கெட்டுவிடும். முன்பு வைத்திருந்தவர் யாராவது இடையில் மாற்றியிருக்கவும் கூடும், ஆகவே இணைக்கும் முன் சோதிக்க வேண்டும். காப்புறை உதிரத் தொடங்கிய கம்பிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்வதைவிட, ஆயத்தமாக விற்கும் முழு ஒயரிங் தொகுதியை வாங்குவது கூலியில் மலிவு. கம்பிச் சக்கரங்கள் அமரும் ஹப்பின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். பலர் இதைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

பதில்: வரவுசெலவு

தொழில்நுட்பத்தை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் கணக்கை மட்டும் எழுதுகிறேன்.

உதிரிபாகங்களின் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு மொத்தச் செலவைக் கணிப்பது வழக்கமாக நிகழும் தவறு. செலவின் பெரும்பகுதி மனித உழைப்பின் நேரம். தொழில்முறைப் பட்டறையில் ஒரு காரைக் கடைசி நட்டு வரை பிரித்து முழுமையாகப் புதுப்பிக்க ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆவது சாதாரணம். நீங்கள் விசாரித்த பட்டறையின் ஒரு மணி நேரக் கூலியை ஆயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். அதன் மேல்தான் உதிரிபாகங்களும் வண்ணமும் வருகின்றன. அந்தத் தொகையைக் கண்டு தூக்கம் கெடுமானால், முழுப் புதுப்பித்தல் உங்களுக்கான வழியாக இராது என்பதை வண்டியை வாங்கும் முன்பே அறிந்துகொள்கிறீர்கள்.

அடுத்து, அதே மாதிரியில் ஏற்கெனவே நன்றாகப் புதுப்பித்த வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி.க்கள் தயாராயின. இவ்வளவு பெருகிய வண்டியில், இன்னொருவர் செலவழித்துப் புதுப்பித்ததை வாங்குவது, நீங்களே கூலி கொடுத்துப் புதுப்பிப்பதைவிட ஏறக்குறைய எப்போதும் மலிவாகவே முடியும். இதைச் சொல்வது உங்களைத் தடுக்கும் எண்ணத்தில் அன்று. இந்த வண்டிதான் வேண்டும் என்று மனம் நாடினால் அதற்காகச் செலவிடுவதில் குறையொன்றுமில்லை. ஆனால் அந்தப் பணம் விற்கும்போது திரும்பாது என்ற தெளிவோடு தொடங்க வேண்டும்.

பட்டறையோடு ஒப்பந்தம் பேசும் முறை முக்கியமானது. மொத்த வேலைக்கும் ஒரே தொகை சொல்லுங்கள் என்று வற்புறுத்தினால், நேர்மையானவர் அறியாத துருவுக்கெல்லாம் சேர்த்து அதிகமாகச் சொல்வார்; அப்படியில்லாதவர் குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு வேலையில் குறைப்பார். ஆகவே பிரித்து ஆராய்வதை மட்டும் தனி வேலையாகக் கொடுங்கள். அதற்கான கூலியைத் தனியே கொடுத்து, தரைத்தகடு, கதவடிப் பெட்டி, பேட்டரிப் பெட்டி ஆகியவற்றின் படங்களோடு எழுத்து மூலமான அறிக்கை பெறுங்கள். அதன் பிறகு கட்டம் கட்டமாகத் தொகை பேசலாம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வேலையை நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்கள் யாவும் உங்களிடமே திரும்ப வேண்டும். வந்த தொகையின் மேல் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கிவைப்பதே என் பழக்கம்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது, பாதியில் நின்றுபோகும் வண்டி. முழுதாக இருக்கும் துருப்பிடித்த காருக்கு வாங்க ஆள் உண்டு. நாற்பது பெட்டிகளில் பிரித்து அடைத்த காரை, எந்தத் திருகு எங்கே சேரும் என்று அறியாத ஒருவர் என்ன விலைக்கு வாங்குவார்? கையிலுள்ள பணத்துக்கு எட்டாத அளவுக்குப் பிரிக்காதீர்கள். கழற்றும் ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதி, கழற்றும் முன் படமெடுத்து வைப்பதும் பணத்தைக் காக்கும் வேலையே.

மறுமொழி: வழிப்போக்கன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வண்டியைப் போட்டிகளுக்குக் கொண்டுபோகும் எண்ணம் எனக்கு இல்லை. நல்ல வானிலையில் நெடுந்தூரம் ஓட்ட வேண்டும் என்பதே விருப்பம். அப்படியானால் வெடித்த தோல், மங்கிய வண்ணம் இவற்றை அப்படியே விட்டுவிட்டு, ஓடத் தேவையானதை மட்டும் செய்தால் வண்டியின் மதிப்பு குறையுமா? அப்படிச் செய்வது அரைகுறை வேலை என்று சிலர் சொல்கிறார்கள்.

பதில்: பழமைப் பேணல்

அரைகுறை வேலை என்பதை ஏற்க மாட்டேன். பழைய கார்களைப் பற்றிய பார்வையே கடந்த சில பத்தாண்டுகளில் மாறியிருக்கிறது. பழமையான வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பாகிய ஃபீவா ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம், புதுப்பித்தலைவிடப் பேணிக்காத்தலுக்கே முன்னுரிமை தருகிறது. 2015இல் பாரிஸில் பையோன் குடும்பத்தின் கார்கள் ஏலத்துக்கு வந்தபோது, பல்லாண்டுகளாகத் தூசியும் பழைய பத்திரிகைக் கட்டுகளும் மூடிக் கிடந்த ஃபெராரி 250 ஜி.டி. கலிஃபோர்னியா ஸ்பைடர், துடைக்கக்கூடப் படாத நிலையிலேயே 1.6 கோடி யூரோவுக்கு மேல் விலைபோனது. அமெரிக்காவின் பெபிள் பீச் பழைய கார் கண்காட்சியில் 2024ஆம் ஆண்டின் தலைசிறந்த காராகத் தேர்வானது 1934ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59. புதுப்பிக்காமல் பேணிய வண்டி ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

உங்கள் எம்.ஜி.பி.யை அவற்றோடு வைத்து விலை பேச முடியாதுதான். ஆயினும் அதன் அடியிலுள்ள காரணம் பொதுவானது: தொழிற்சாலையில் பூசிய வண்ணமும், அன்று தைத்த தோலும் ஒருமுறை போனால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்ப வருவதில்லை. வெடித்த தோலுக்கு ஈரப்பதம் தரும் பூச்சு கொடுத்து, கிழிந்த இடங்களில் உள்ளிருந்து துணி ஒட்டித் தைத்தால் இன்னும் நெடுநாள் வரும். மீட்டர் முகப்புகளைத் துடைப்பதோடு நிறுத்துங்கள். பம்பரின் குரோமைக்கூட உடனே மாற்ற வேண்டியதில்லை. எஃகு பம்பர் புதிதாகவே கிடைக்கும் பொருள், எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். துத்தநாகக் கலவையில் வார்த்த சிறு அலங்காரப் பாகங்களில்தான் சிக்கல். அவற்றில் பூச்சின் அடியில் குழிகள் விழுந்திருந்தால், ஒவ்வொரு குழியையும் குடைந்து தாமிரத்தால் நிரப்பித் தேய்த்த பிறகே நிக்கலும் குரோமும் ஏற்ற முடியும். கையளவுப் பாகத்துக்குப் பம்பரைவிட அதிகக் கூலி ஆகலாம். அவற்றை அப்படியே விட்டுவைப்பதால் வண்டிக்கு ஒரு தீங்கும் இல்லை.

ஆனால் துருவைப் பழமையின் அழகு என்று எண்ணி விட்டுவைப்பவர்களும் இருக்கிறார்கள். அது கூடாது. வண்ணம் மங்கியிருப்பது வேறு, எடையைத் தாங்கும் தகடு அரிப்பது வேறு.

பதில்: தகரப்பட்டறை

இறுதியாகச் சொன்னதை வலியுறுத்துகிறேன். உங்கள் நோக்கத்துக்கு வரிசை இப்படி அமையலாம்: முதலில் கதவடிப் பெட்டிகளும் தரைத்தகடும், அவற்றோடு சேர்ந்த தாங்கும் பகுதிகளும். இவற்றைத் துண்டுத் துண்டாக ஒட்டாமல் முழுமையாகவே செய்ய வேண்டும். அடுத்து பிரேக், எரிபொருள் குழாய்கள், ஒயரிங், டயர்கள். டயர்களின் பட்டன் (மேற்பரப்பின் வரிப்பள்ளங்கள்) எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் அவற்றின் ரப்பர் கெட்டிருக்கும், மாற்றியே ஆக வேண்டும். அதன் பிறகு என்ஜின். புதுத் தகடுகள் வரும் இடங்களுக்கு மட்டும் அருகிலுள்ள பழைய வண்ணத்தோடு இணைத்து வண்ணம் அடித்துவிட்டு ஓட்டத் தொடங்கலாம். மற்றவற்றை ஓட்டிக்கொண்டே, கையில் பணம் சேரச் சேரச் செய்துகொள்ளலாம்.

வாங்கும் முன் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜாக்கி இடத்தில் மெதுவாகத் தூக்கும்போது கதவுத் திறப்பு குறுகுகிறதா என்று கவனியுங்கள். குறுகினால் மேலே தூக்காமல் இறக்கிவிட்டு, புதுக் கூட்டின் விலையைக் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள். தூக்கிப் பார்க்கவே அவர் உடன்படவில்லை என்றால், ஓடக்கூடிய காராக மதிக்காமல், என்ஜினும் கண்ணாடிகளும் மீட்டர்களும் அலுமினியப் பானெட்டும் தனித்தனியே என்ன பெறுமோ அந்த விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.